இவருக்குப் பதில் இவர்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

டி.வி. தொடர் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. வெள்ளிக்கிழமை வரை ஒருவர் அப்பாவாக நடித்துக் கொண்டிருப்பார். திங்கட்கிழமை திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். அவ்வளவுதான்! வேறு முகம், வேறு குரல், வேறு நடை. ஆனால் வீட்டில் உள்ள ஒருத்தராவது 'நீங்க யாரு?' என்று கேட்க மாட்டார்கள். நாமும் ரெண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக் கொள்வோம்.

இங்கிலாந்தில் ஒரு தொடர் இந்தச் சங்கடத்தை மூடி மறைக்காமல், அதையே கதையாக்கிவிட்டது. நடிகர் மாறினால் பாத்திரமும் மாறும்; கூட இருப்பவர்கள் 'நீ யார்?' என்று கேட்பார்கள். அவருக்கே அந்தச் சந்தேகம் வரும். 'டாக்டர் ஹூ' என்பது அதன் பெயர். ஹாஸ்டலில் நான் இதைச் சொன்னால் 'அது என்ன ஆஸ்பத்திரிக் கதையா?' என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

கதை இதுதான். டாக்டர் என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதனால்தான் தலைப்பே 'யார்?' என்ற கேள்வி. வேற்றுக் கிரகவாசி, இரண்டு இதயங்கள். 'டார்டிஸ்' என்ற வண்டியில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்வார். அந்த வண்டி வெளியே பார்த்தால் லண்டன் தெருக்களில் அந்தக் காலத்தில் நின்ற நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டி. உள்ளே போனால் நம்ம ஆடிட்டோரியத்தை விடப் பெரிசு. பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23-ஆம் தேதி முதல் பாகம் வந்தது. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரே அந்தச் செய்தியில் இருந்ததால் அடுத்த சனிக்கிழமை முதல் பாகத்தை மறுபடியும் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்மணிக்கு அப்போது 28 வயது கூட ஆகவில்லை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம்ம நாட்டு லக்னோவில் பிறந்தவர்.

முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். தொடங்கும்போது அவருக்கு 55 வயது. நரைத்த நீள முடி, கறுப்புக் கோட்டு, கோபம் மூக்கு நுனியில். இந்தத் தாத்தா நல்லவரா என்று முதல் சில வாரங்களில் பார்த்தவர்களுக்கே தெரிந்திருக்காது. தன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக இரண்டு பள்ளி ஆசிரியர்களை அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு கற்காலத்துக்குப் போய்விடுகிறார். அங்கே அடிபட்டுக் கிடக்கும் ஒரு குகை மனிதனின் பக்கத்தில், கையில் ஒரு கல்லை எடுக்கிறார். ஆசிரியர் ஓடிவந்து கையைப் பிடித்து 'என்ன செய்யப் போறீங்க?' என்கிறார். வழி காட்ட வரைபடம் போடச் சொல்லப் போனேன் என்று பதில் வருகிறது. நம்புகிற மாதிரியா இருக்கிறது? இந்தக் கல்லை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்று வருடத்தில் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை, வசனம் நினைவில் நிற்கவில்லை. தொடரோ நன்றாக ஓடுகிறது. நிறுத்தவா முடியும்? 1966 அக்டோபர் கடைசியில், தென்துருவத்தில் நடக்கும் ஒரு கதையின் முடிவில், கிழவர் டார்டிஸின் தரையில் சரிகிறார். முகம் வெளிச்சத்தில் கரைகிறது. எழும்போது வேறு ஆள்! பேட்ரிக் ட்ரவ்டன்.

இங்கே நம்ம பாஷையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பேரிங் தேய்ந்தால் அதே நம்பர் பேரிங்கை வாங்கி மாட்டுகிறோம். 6205 என்றால் எந்தக் கம்பெனி செய்தாலும் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. மாற்றியதே தெரியக்கூடாது, அதுதான் உதிரிபாகத்தின் லட்சணம். சாதாரணத் தொடர்கள் நடிகரை இப்படித்தான் மாற்றுகின்றன. 'டாக்டர் ஹூ'விலும் அப்படி ஒரு முறை நடந்தது. 1983-இல் இருபதாம் ஆண்டுச் சிறப்புக் கதைக்கு ஹார்ட்னெல் உயிரோடு இல்லை என்பதால் ரிச்சர்ட் ஹர்ன்டால் என்பவரை அதே கோட்டு, அதே முடியோடு நிறுத்தினார்கள். அது 6205. ஆனால் 1966-இல் ட்ரவ்டன் செய்தது அது இல்லை. அவர் ஹார்ட்னெல்லைக் காப்பியடிக்கவே இல்லை. கசங்கிய கோட்டு, தொளதொள கால்சட்டை, கையில் ஒரு சின்னப் புல்லாங்குழல். கோமாளி மாதிரி இருந்துகொண்டே எதிராளியை அளக்கிற பார்வை.

அவருடைய முதல் கதையில் கூட வரும் இளைஞன் பென் நம்ப மறுக்கிறான். 'டாக்டர் எப்பவும் போட்டிருந்த மோதிரம் இது, போட்டுக் காட்டுங்க' என்கிற கணக்கில் மோதிரத்தை நீட்டுகிறான். அது புதிய விரலில் நிற்கவில்லை, அளவு சேரவில்லை! புது மனிதரோ அதைப் பற்றிக் கவலையே படாமல், 'டாக்டர்' என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார். பிறகு அவருடைய பரம எதிரியான டாலெக் ஒன்று, இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் அந்த ஜந்து, அவரைப் பார்த்த உடனே யார் என்று கண்டுகொள்கிறது. நண்பனுக்குத் தெரியாதது எதிரிக்குத் தெரிந்துவிட்டது. ஆள் மாற்றத்தை இதைவிட நேர்மையாக ஒரு கதை காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. வருத்தம் என்னவென்றால் பி.பி.சி. அந்தக் காலத்துப் படச்சுருள்களையும் டேப்புகளையும் நிறைய அழித்துவிட்டது. இந்தக் கதையின் ஆறு பாகங்களும் போயின. மிஞ்சிய ஒலிப்பதிவை வைத்து 2016-இல் கார்ட்டூனாக மறுபடி செய்தார்கள்.

அதற்குப் பின் வந்தவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1970-இல் தொடர் கலருக்கு மாறியபோது ஜான் பெர்ட்வீ: சிவப்பு உள்துணி வைத்த மேலங்கி, கார் மோகம், கை கால் சண்டை. 1974-இல் டாம் பேக்கர்: முழ முழமாகக் கழுத்துத்துண்டு, பை நிறைய ஜெல்லி மிட்டாய். வாய்ப்பு வந்த நேரத்தில் அவர் கட்டட வேலையில் கூலி ஆளாக இருந்தார். ஏழு வருடம் அசைக்க முடியவில்லை. அடுத்து கிரிக்கெட் உடையில் பீட்டர் டேவிசன்.

காலின் பேக்கரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1984-இல் வந்த இவரை வேண்டுமென்றே முரடராகப் படைத்தார்கள். முதல் கதையிலேயே கூட வரும் பெண்ணின் கழுத்தை நெரிக்கப் போகிறார்! போகப் போக மென்மையாக்கலாம் என்பது திட்டம். ஆனால் போகப் போக நேரம் யார் தருவார்கள்? 1985-இல் தொடரை நிறுத்தி வைத்தார்கள், பதினெட்டு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1986-இல் அவரை நீக்கிவிட்டார்கள். மாறும் காட்சிக்கு மட்டும் வந்து போகச் சொன்னபோது அவர் மறுத்துவிட, அடுத்த டாக்டரான சில்வெஸ்டர் மெக்காயே தலையில் பொன்னிற விக் வைத்துக்கொண்டு இருவராகவும் கிடந்தார். 1989-இல் தொடர் நின்றது. 1996-இல் பால் மெக்கேனை வைத்து ஒரு டெலிபிலிம். 2005-இல் மறுபிறவி: எக்கிள்ஸ்டன், டேவிட் டெனன்ட், மேட் ஸ்மித். வயது இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்மித்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு 26. டாக்டர் ஓடுவார், சிரிப்பார், கூட வரும் பெண்ணுக்கு அவர் மேல் ஒரு இது இருக்கும்.

அங்கேதான் 2013 ஆகஸ்டில் பீட்டர் கபால்டியின் பெயரை அறிவித்தார்கள். வயது 55. ஹார்ட்னெல் தொடங்கிய அதே வயது!

கபால்டி ஸ்காட்லாந்துக்காரர், சிறு வயதிலிருந்தே இந்தத் தொடரின் பித்தர். 1974-இல், பதினைந்து வயதில், அவர் எழுதிய வாசகர் கடிதம் 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. ஆகவே பழைய டாக்டர்களை எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டே அவர் வந்தார் எனலாம். கோட்டின் உள்துணி சிவப்பு, பெர்ட்வீ மாதிரி. ஜெல்லி மிட்டாய் உண்டு, ஆனால் பையில் இல்லை, சிகரெட் டப்பாவில். முகத்தில் ஹார்ட்னெல்லின் கடுப்பு. எனக்குப் பிடித்தது இந்த அடையாளங்கள் அல்ல. பழைய டாக்டர்கள் நின்ற அதே இடங்களில் இவரையும் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அதுதான்.

முதலில் கல். 2014 ஆகஸ்டில் வந்த இவருடைய முதல் கதை விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நடக்கிறது. வில்லன் ஓர் இயந்திர மனிதன். தேய்ந்த பாகங்களுக்குப் பதிலாக மனித உறுப்புகளைத் திருடித் திருடி மாட்டிக்கொள்கிறான். கடைசியில் பறக்கும் கூண்டில் இருவரும் எதிரெதிரே. அடுத்த ஷாட்டில் இயந்திர மனிதன் கீழே கோபுர முனையில் செருகிக் கிடக்கிறான். விழுந்தானா, தள்ளப்பட்டானா? காட்டவே இல்லை! கபால்டி நேராக நம்மைப் பார்க்கிறார், அவ்வளவுதான். 1963-இல் கல்லோடு நின்ற கையை ஆசிரியர் பிடித்தார். 2014-இல் பிடிக்க ஆள் இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை: கபால்டியோடு பயணம் செய்யும் கிளாராவும் ஓர் ஆசிரியைதான். 1963-இல் அந்த இரண்டு ஆசிரியர்கள் வேலை பார்த்த அதே பள்ளியில்.

அந்தக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் இயந்திர மனிதனிடம் ஒரு துடைப்பத்தைப் பற்றிப் பேசுகிறார். கட்டையை மாற்றுகிறோம், பிறகு நாரை மாற்றுகிறோம், மறுபடி கட்டை, மறுபடி நார். இது அதே துடைப்பமா? இல்லவே இல்லை என்கிறார். ஆனாலும் தரையைப் பெருக்கலாம், அது வேறு விஷயம். இதைச் சொல்லிக்கொண்டே ஒரு வெள்ளித் தட்டைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டுகிறார். தட்டின் பின்பக்கத்தில் தெரிவது அவருடைய சொந்த முகம்! தட்டு இரண்டு பக்கமும் பளபளப்பு என்பதை நான் இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

இந்தத் துடைப்பம் எனக்கு ஒட்டிக்கொண்டது. காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டி வந்தது நான்தான் முதல். லீவுக்குப் போனால் ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'பேச்சே மாறிப்போச்சே புள்ள, நீ முன்ன மாதிரி இல்ல' என்கிறாள். நான் ஏதோ தப்பு செய்த மாதிரியும் இருக்கும், பெருமைப்படுகிற மாதிரியும் இருக்கும். நம்ம கிளாஸில் பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

கதையில் ஆயா இடத்தில் இருப்பவள் கிளாரா. நேற்று வரை சிரித்து விளையாடிய இளைஞன் இன்று நரைத்த புருவமும் சிடுசிடுப்புமாக நிற்கிறான், அவளுக்கு ஒப்பவில்லை. அப்போது போன் வருகிறது. பேசுவது பழைய டாக்டர், மேட் ஸ்மித்! சாவதற்கு முன்னால் எதிர்காலத்துக்குப் போட்ட போன். புதிதாக வருகிற ஆள் உன்னைவிடப் பயந்து போயிருப்பான், கூட இரு என்று கேட்டுக்கொள்கிறார். கிளாரா பேசி முடித்ததும் கபால்டி, அந்தப் பேச்சின் மறுபாதியைத் தானே சொல்கிறார். அது தன் ஞாபகத்தில் இருக்கிறதே! என்னைப் பார், நீ என்னைப் பார்க்கவே இல்லை என்பதுதான் அவர் கேட்பது. 1966-இல் மோதிரம் செய்ய முடியாததை இங்கே ஞாபகம் செய்கிறது.

காலின் பேக்கரின் முரட்டுத்தனம் எடுபடவில்லை, கபால்டியுடையது எப்படி எடுபட்டது? என் அபிப்பிராயம் இது: காலின் பேக்கரின் டாக்டருக்குத் தன் மேல் சந்தேகமே கிடையாது. கபால்டியின் டாக்டர் இரண்டாவது கதையிலேயே, நான் நல்லவனா என்று கிளாராவிடம் கேட்டுவிடுகிறார். அவளும் பட்டென்று ஆமாம் சொல்லவில்லை, தெரியாது என்கிறாள். பின்னால் ஒரு கதையில், துக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன ஆறுதல் சொல்வது என்று கிளாரா எழுதிக் கொடுத்த அட்டைகளைப் பையிலிருந்து எடுத்துத் தடுமாறிப் படிக்கிறார். முரடன் முயற்சி செய்கிறான் என்று தெரிந்தால் நாம் பொறுத்துக் கொள்வோம். எல்லாக் கதையும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நிலாவே ஒரு முட்டை என்று ஒரு கதை. நம்ம முதலாமாண்டு பிசிக்ஸுக்கே அது தாங்காது!

அடுத்து, இரண்டு ஒயர்கள். 1975-இல் டாம் பேக்கரின் டாக்டர், டாலெக்குகள் உருவாகும் இடத்திலேயே போய் நிற்கிறார். கையில் இரண்டு ஒயர். தொட்டால் வெடிக்கும், அந்த இனமே இருக்காது. கோடிக்கணக்கான உயிர்கள் தப்பிக்கும். ஆனால் ஓர் இனத்தை முளையிலேயே அழிக்க எனக்கு உரிமை உண்டா என்று கேட்டுக்கொண்டு நின்றுவிடுகிறார். நாற்பது வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், கபால்டியின் டாக்டர் ஒரு போர்க்களத்தில் கண்ணிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சிறுவனைப் பார்க்கிறார். காப்பாற்றப் போகும்போது பெயர் கேட்கிறார். டாவ்ரோஸ் என்கிறான். டாலெக்குகளைப் பிற்காலத்தில் படைக்கப்போகிறவன்! டாக்டர் அந்தப் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார். கிழவனான டாவ்ரோஸ் பிற்பாடு இதைச் சொல்லிக் காட்டுகிறான். டாம் பேக்கர் ஒயரோடு நின்ற அந்தப் பழைய காட்சியையே போட்டும் காட்டுகிறான். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இங்கே கதையே செய்கிறது. டாம் பேக்கருக்கு அது தர்க்கம். கபால்டிக்கு அது முகமும் பெயரும் உள்ள ஒரு பையன். கடைசியில் அவர் திரும்பிப் போய்க் கண்ணிகளைச் சுட்டுவிட்டு, பையனைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறார். இரண்டில் கடினமானது எது என்று ஹாஸ்டலில் நடு இரவு வரை வாதம் நடந்தது. நான் கபால்டி கட்சி.

முகம் என்றதும் இன்னொன்று. கபால்டி 2008-லேயே இதே தொடரில் வேறு வேடத்தில் வந்தவர். எரிமலை வெடிக்கும் பாம்பேய் நகரில், டெனன்டின் டாக்டர் எல்லோரையும் கைவிட இருந்தபோது, கூட வந்த டோனா கெஞ்சியதால் ஒரே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவார். அந்தக் குடும்பத் தலைவர் கபால்டி! 2015-இல் இதற்கும் கணக்குத் தீர்த்தார்கள். ஊர் மொத்தத்தையும் முடியாவிட்டாலும் ஒருவரையாவது காப்பாற்று என்று தனக்கே நினைவூட்டத்தான் இந்த முகத்தை எடுத்தேன் என்று டாக்டருக்குத் தண்ணீரில் தன் நிழலைப் பார்க்கும்போது புரிகிறது.

அதே 2015 நவம்பரில் வந்தது என் மனதில் முதலிடம் பிடித்த பாகம். ஏறக்குறைய முழு நேரமும் கபால்டி ஒருவரே. கடல் நடுவே ஒரு கோட்டை. துரத்துகிற ஒரு உருவம், தொட்டால் சாவு. வெளியே போக ஒரே வழியை அடைத்துக்கொண்டு ஒரு சுவர்: வைரத்தை விட 400 மடங்கு கடினம், 20 அடி தடிமன். டாக்டர் அதை வெறும் முஷ்டியால் குத்துகிறார். சில குத்துக்குள் அந்த உருவம் வந்து தொட்டுவிடுகிறது. சாகக் கிடக்கும் உடம்பை இழுத்துக்கொண்டு மேலே போய், தன்னையே எரிபொருளாக்கி, இயந்திரத்தில் பதிந்திருக்கும் தன் நகல் ஒன்றை உருவாக்கிவிட்டுச் சாகிறார். புது நகலுக்குப் பழசு எதுவும் ஞாபகம் இல்லை. மறுபடி முதலிலிருந்து எல்லாம், மறுபடி அந்தச் சுவர். கோட்டையைச் சுற்றிக் கடலடியில் மண்டை ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. அத்தனையும் அவருடையவை. இப்படி 450 கோடி வருடம்!

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 அடி என்றால் ஏறக்குறைய 6.1 மீட்டர். 450 கோடியால் வகுத்தால் வருடத்துக்கு 1.35 நானோமீட்டர் தேய்மானம். நம்ம லேபில் இருக்கும் மைக்ரோமீட்டரில் ஒரே ஒரு கோடு, அதாவது 0.01 மி.மீ., நகர ஏறத்தாழ 7,400 வருடம் ஆகும். ஒவ்வொரு நகலும் புது ஆள்தான். ஆனால் ஒவ்வொரு நகலும் சுவரின் முன்னால் நின்று, யோசித்து, அதே முடிவுக்கு வருகிறது.

2017 டிசம்பர் 25-இல் கபால்டியின் கடைசிக் கதை. போதும், இனி நான் மாற மாட்டேன் என்று அவர் பிடிவாதமாகத் தென்துருவப் பனியில் நடக்கிறார். எதிரே இன்னொரு கிழவர் வருகிறார். அவரும் மாற மாட்டேன் என்கிறார். அது முதல் டாக்டர்! 1966 கதையின் கடைசி நிமிடத்திலிருந்து நேராக நடந்து வந்தவர். நடித்தவர் டேவிட் பிராட்லி. 2013-இல் ஹார்ட்னெல்லின் வாழ்க்கையைச் சொன்ன டெலிபிலிமில் ஹார்ட்னெல்லாகவே நடித்தவர். முதல் டாக்டர் பெண்களைப் பற்றி அந்தக் காலத்து மனிதராக ஏதேதோ சொல்ல, பின்னால் வந்தவர் வெட்கத்தில் நெளிகிறார். எனக்கு இதில் ஒரு மனக்குறை. ஹார்ட்னெல்லின் டாக்டர் இவ்வளவு மோசமாகப் பேசியவர் இல்லை, சிரிப்புக்காகக் கூட்டிவிட்டார்கள். என்றாலும் தான் தொடங்கிய இடத்தைத் தானே நேரில் பார்த்துக் கூச்சப்படுவது எவ்வளவு உண்மை!

இருவரும் மாறச் சம்மதிக்கிறார்கள். ஹார்ட்னெல் ட்ரவ்டன் ஆகிறார். கபால்டியின் உடம்பிலிருந்து வெளிச்சம் பீறிடுகிறது. அப்போது புதிய விரலிலிருந்து அவருடைய மோதிரம் நழுவித் தரையில் விழுகிறது. ஐம்பத்தோரு வருடத்துக்கு முந்தைய அந்த மோதிரத்தை யாரோ மறக்கவில்லை. இந்த முறை விரல் ஒரு பெண்ணுடையது: ஜோடி விட்டேக்கர்.

பெண் எப்படி டாக்டராகலாம் என்று சண்டை போட்டவர்கள் இருந்தார்கள். 1966-இல் பென் கேட்டதுதானே அதுவும்! விட்டேக்கர் 2022 வரை இருந்தார். பின் டெனன்டே ஒரு முறை திரும்பி வந்து போனார். 2023 முதல் 2025 வரை, ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி காட்வா. அவர்களை எல்லாம் எழுத இடம் போதாது. விட்டேக்கரின் முதல் கதையில், 2018-இல், நம்ம டிபார்ட்மென்ட்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு காட்சி இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்த டாக்டரிடம் வண்டி இல்லை, கருவி இல்லை, தன் பெயர் கூட நினைவில்லை. உருக்குக்குப் பேர் போன ஷெஃபீல்டு நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குள் போகிறார். 1968-இல் ட்ரவ்டன் காலத்தில் முதலில் வந்த அந்த ஒலித் திருப்புளியை இந்தத் தடவை யாரும் தரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிடைத்த ஷெஃபீல்டு உருக்கை உருக்கி, வெட்டி, தீப்பொறி பறக்கத் தட்டித் தானே செய்துகொள்கிறார்.